இருபது நானோமீட்டர் தங்கம்

"என் பேரை எடுத்துடுங்க மேடம். ஆராய்ச்சியெல்லாம் எனக்கு வராது" என்றாள் செங்கமலம்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே ஆறு வருடமாகப் பகுதிநேர ஆராய்ச்சி. அவளுடைய வழிகாட்டி நிலோஃபர், அவளைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"என்னக்கா ஆச்சு?"

செங்கமலம் ஒரு கண்ணாடித் துண்டை மேசைமேல் வைத்தாள். அதில் தங்கம் படிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையாகத் தெரியும், அவ்வளவு மெல்லிய படலம்.

"தடிமனைப் பாதியாக்கினா மின்தடை ரெண்டு மடங்காகணும். இது மூணு மடங்கு காட்டுது. நாலு தடவை புதுசா செஞ்சேன், நாலும் அப்படித்தான். எலக்ட்ரான்லாம் எங்கயோ தொலைஞ்சு போகுது. இல்ல, எனக்குத்தான் கை சரியில்ல."

நிலோஃபர் துண்டை எடுத்தாள். அதை ஆய்வகக் காந்தத்தின் முனைகளுக்கு நடுவே வைத்து மின்னோட்டம் கொடுத்தாள்.

"குறுக்கே வர்ற வோல்டேஜை வெச்சு எலக்ட்ரான் எத்தனை இருக்குன்னு பாருங்க."

செங்கமலம் அளவெடுத்துக் கணக்குப் போட்டாள். நம்பாமல் மறுபடி போட்டாள்.

"ஒண்ணும் குறையலை மேடம். தடிமனான படலத்துல ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனையோ, இதுலயும் அத்தனை."

"தங்கத்துக்குள்ள ஒரு எலக்ட்ரான் எதுலயும் மோதாம எவ்வளவு தூரம் போகும்?"

"சுமாரா நாப்பது நானோமீட்டர்."

"இந்தப் படலம்?"

"இருபது."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. மேலே போனால் முட்டும். கீழே வந்தாலும் முட்டும். எலக்ட்ரான் தொலையவில்லை; முட்டி முட்டிப் போவதால்தான் மின்தடை கூடுகிறது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கால் கடுத்தது.

"இன்னிக்கு எப்படிக்கா வந்தீங்க?"

"விடியும்போதே மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அப்புறம் மூணு வகுப்பு. கிளம்புற நேரத்துல பிரின்சிபால் கூப்பிட்டு விட்டார். ரெண்டு பஸ் மாறினேன். நடுவுல முக்கால் மணி நேரம் நின்னேன்."

"தினமும் இப்படித்தானா?"

"ஆறு வருஷமா."

"வழியில எங்கயாவது நீங்க குறைஞ்சு போனீங்களா?"

செங்கமலம் காந்தத்திலிருந்து துண்டை எடுத்தாள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பத்து நானோமீட்டர்ல ஒண்ணு செஞ்சு பாக்கலாமா மேடம்?" என்றாள்.