போபாலுக்கு எறிந்த கல்

மருதங்குளத்து அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். மூவரும் முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள். தலைவர் கனகசபை, ரிடையரான தமிழாசிரியர். துணைத்தலைவர் சிக்கந்தர், சைக்கிள் கடைக்காரர். செயலாளர் இருதயராஜ். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. அதனால் சங்கத்தில் கட்டுப்பாடு குலைந்ததே இல்லை.

சங்கம் நடந்தது பொன்னுரங்கத்தின் கல்யாண மண்டபத்து மாடி அறையில். ஒருநாள் பொன்னுரங்கம் படியேறி வந்தார்.

"இத்தனை வருஷத்துல வெளியூர்க்காரன் யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா?"

"அடுத்த தெரு வரைக்கும் தெளிவாக் கேட்குதுங்க," என்றார் இருதயராஜ்.

"அது ஜன்னலைத் திறந்தாலே கேட்கும். இந்த மாசத்துக்குள்ள பேசிக் காட்டுங்க. இல்லேன்னா அறையைக் காலி பண்ணுங்க. எனக்கு அண்டா குண்டா வைக்க இடமில்ல."

இருதயராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீட்டில் அவரை எல்லோரும் 'இந்தாங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். 'செயலாளர்' என்று கூப்பிடுகிற இடம் உலகத்தில் அந்த ஓர் அறைதான்.

போபாலில் வேலை பார்க்கும் செண்பகவல்லி கனகசபையின் பழைய மாணவி, ரேடியோ விஷயத்தில் கெட்டிக்காரி. அவளுக்குப் போன் போட்டு, மூவரும் கேட்கிற மாதிரி மேசை மேல் வைத்தார்.

"கவலைப்படாதீங்க சார்," என்றாள் அவள். "எரிகல் இருக்கே, அது போற வழியில வானத்துல ஒரு தடம் விடும். நம்ம அலை அதுல பட்டு, தூர ஊர்ல போய் இறங்கும். காலையிலதான் நல்லாக் கிடைக்கும். ஆன்டெனா போபாலைப் பார்த்து இருக்கணும். உங்க கடிகாரமும் என் கடிகாரமும் ஒண்ணா இருக்கணும். அரை நிமிஷம் நீங்க, அரை நிமிஷம் நான்னு மாறி மாறி அனுப்பணும். உங்க முறைக்கு கம்ப்யூட்டர் தானா அனுப்பும். என் முறை வந்தா பேசாம இருங்க, அவ்வளவுதான்."

கனகசபை எழுந்து கரும்பலகையில் 'எறிகல்' என்று எழுதினார்.

"சின்ன ர இல்லீங்களா ஐயா?" என்றார் சிக்கந்தர்.

"சின்ன ர போட்டா எரியுற கல்லு. கல்லு எங்கய்யா எரியும், அது என்ன விறகா? பெரிய ற. எறியுற கல்லு."

இலக்கணம் என்று வந்துவிட்டால் சிக்கந்தர் வாதாடுவதில்லை.

கடிகாரங்கள் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று பயணம் போயாக வேண்டும். உதவி கேட்பவர்கள் நாம்தான், அந்தப் பெண்ணுக்கு ஏன் கூரியர் செலவு வைக்க வேண்டும் என்று, சங்கத்துச் சுவர்க்கடிகாரத்தை வைக்கோல் சுற்றி போபாலுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அடுத்த வாரம் செண்பகவல்லி கூப்பிட்டாள். "சார், ஒரு கடிகாரம் வந்திருக்கு."

"உங்க கடிகாரத்தோட ஒண்ணா இருக்குதாம்மா?"

"பக்கத்துலயே மாட்டியிருக்கேன் சார். நீங்க கம்ப்யூட்டர் நேரத்தை மட்டும் இன்டர்நெட்டோட சேர்த்து வச்சிருங்க."

பிறகு ஆன்டெனா. போபால் எந்தப் பக்கம் என்று தெரியாததால் சுவரில் தொங்கிய இந்தியா படத்தைப் பார்த்தார்கள். மருதங்குளம் அடியில் இருந்தது. போபால் அதற்கு நேர் மேலே.

"நல்லாப் பார்த்துக்கங்க, பக்கவாட்டுல கொஞ்சமும் இல்ல," என்றார் கனகசபை.

ஆன்டெனாவை மொட்டைமாடிக் கம்பத்தில், வானத்தைப் பார்த்துச் செங்குத்தாகக் கட்டினார்கள்.

குறித்த நாள் காலையில் கீழே முகூர்த்தம். மேலே ஒரு கூடை கூழாங்கல். அறையிலிருந்த கம்ப்யூட்டரை மொட்டைமாடிக்கு இழுத்து வந்து வைத்திருந்தார்கள். தங்கள் முறை வந்ததும் மூவரும் ஆளுக்கொரு கல்லை ஆன்டெனாவுக்கு மேலே வீசினார்கள். போபால் முறை வந்ததும் வாயில் விரல் வைத்து நின்றார்கள். மறுபடி வீசினார்கள், மறுபடி நின்றார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. பந்தல் தகரத்தில் மட்டும் மேளத்துக்கு ஈடாகச் சத்தம் கேட்டது.

பொன்னுரங்கம் மூச்சிரைக்க ஏறி வந்தார். "எவன்டா கல்லெறியறது?"

அப்போது போபால் முறை. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"கேட்கிறேன்ல? மாப்பிள்ளையோட சித்தப்பா பாயசத்துல கல்லு கிடக்கு."

இருதயராஜ் கண் கலங்க அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அறை போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் முறை முறைதான்.

முறை மாறியது. அந்தப் பதற்றத்தில் சிக்கந்தர் எறிந்த கல் ஆன்டெனாவின் கட்டிலேயே பட்டது. கட்டு அவிழ்ந்து ஆன்டெனா மெல்லச் சாய்ந்து, படுத்த வாக்கில் வடக்கே பார்த்து நின்றது.

சங்கத்தின் கதை முடிந்தது என்று இருதயராஜ் தரையில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் மறுபடி போபால் முறை வந்தது. அப்புறம் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. போபால் நிலையத்தின் பெயர்க்குறி. பக்கத்திலேயே மருதங்குளத்தின் பெயர்க்குறி. இன்னும் சில வரிகள் வந்தன.

போன் அடித்தது. "உங்க சிக்னல் வந்திருச்சு சார். இப்ப ஆன்டெனாவை என்ன பண்ணினீங்க?"

"கல்லால அடிச்சோம்மா."

"என்ன பண்ணினீங்களோ, அப்படியே இருக்கட்டும்."

பொன்னுரங்கம் திரையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். பூட்டு எடுத்து வரத்தான் போகிறார் என்று இருதயராஜ் ரேடியோ ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

திரும்பி வந்தபோது பொன்னுரங்கத்துக்குப் பின்னால் நாலு சமையல்காரர்கள், மண்டபத்து ஆட்டுக்கல்லைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்து மாடி நடுவில் இறக்கினார்கள்.

"என் பையன் மஸ்கட்டுல இருக்கான்," என்றார் பொன்னுரங்கம், குரலைத் தணித்து. "போபாலுக்குக் கூழாங்கல் போதும். இது கடல் தாண்டணும் பாருங்க, செயலாளர்."

மூவரும் ஆட்டுக்கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள்.

"கல்லு பொருத்தமான கல்லுதான்," என்றார் கனகசபை. "குழவியை என்ன பண்றது?"

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதைத் தனியா எறியுங்க. பேரன்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசணும்."