சேற்றங்கரைக் கோடை வகுப்பு

மூங்கில் காட்டுக் குளத்தோரம் ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்தது. அதில் தும்பை என்றொரு இளமான். காட்டுப் பள்ளியின் ஆண்டுத் தேர்வில் மற்ற பாடங்களில் எல்லாம் தேறியவள், ஆபத்தை அறியும் பாடத்தில் மட்டும் கோட்டை விட்டுவிட்டாள். அத்தனை பேர் இருக்கும் வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்க அவளுக்குக் கூச்சம்.

கோடை வந்தது. பள்ளியை மூடினார்கள். குளம் வற்றி, கரையெல்லாம் சேறானது. அதைப் பார்த்ததும் ஆள்காட்டிக் குருவியான செந்தி டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தண்ணீர் குடிக்க வரும் எல்லோருடைய காலடியும் இனி இந்தச் சேற்றில் பதியுமே! இதைவிட நல்ல பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும்? விருப்பமுள்ள இளசுகள் காலையில் வரலாம் என்று கோடை வகுப்பை அறிவித்துவிட்டார்.

தும்பை துள்ளிக்கொண்டு கிளம்பினாள். அவளுடைய சித்தப்பா மகன் மருதன் கேலி செய்தான். லீவு விடுவதே நிழலில் படுத்துத் தூங்கத்தான் என்பது அவன் கட்சி.

வகுப்பில் சிலரே இருந்தார்கள். முதல் நாளே யானையின் காலடியைப் பார்த்து, "இது குட்டைதானே டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள் தும்பை. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவள் கூச்சமும் போயிற்று. அப்புறம் கேள்வி மேல் கேள்விதான். பழைய தடத்தையும் புதுத் தடத்தையும் பிரித்தறியப் பழகினாள். கருமந்தி அஞ்சன் அவளுக்குத் தோழனானான். மந்திகளின் எச்சரிக்கைக் குரலை அவன் சொல்லிக்கொடுத்தான். அவள் முயன்றபோதெல்லாம் கிளையில் புரண்டு புரண்டு சிரித்தான். அவளோ விடவில்லை.

ஒரு மாலை, தாகம் தாங்காமல் மான் கூட்டம் குளத்துக்கு விரைந்தது. எல்லோருக்கும் முன்னால் மருதன் ஓடினான். தும்பையின் பார்வை சேற்றில் விழுந்தது. சிறுத்தையின் காலடி! விளிம்பு காயவில்லை. குழியில் இப்போதுதான் நீர் ஊறிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, நில்லுங்க. சிறுத்தை பக்கத்துலதான் இருக்கு" என்றாள்.

கூட்டத்தின் தலைவரான பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பாடத்துலதானே நீ ஃபெயிலானே? பேசாம வா."

மருதன் தண்ணீரில் வாய் வைக்கக் குனிந்தான். தும்பை தலையை உயர்த்தி, மந்திக் குரலில் தொண்டை கிழியக் கத்தினாள்.

நாவல் மரத்தில் இருந்த அஞ்சன் திடுக்கிட்டு எழுந்தான். உச்சிக்குத் தாவி, கோரைப்புல்லுக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு புள்ளி வால் அசைந்தது. அவன் கத்த, அவன் கூட்டமே சேர்ந்து கத்த, காடே அதிர்ந்தது. மான்கள் நாலாபக்கமும் சிதறி ஓடின. பாய்ந்த சிறுத்தை மருதனின் வாலை உரசிக்கொண்டு சேற்றில் தொப்பென்று விழுந்தது.

மூச்சிரைக்க மேட்டில் கூடியதும், பெரியப்பா தும்பையின் நெற்றியை நக்கிக்கொடுத்தார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் மடமடவென்று விளக்கினாள்.

மறுநாள் காலை அவளை எழுப்பியவன் மருதன்.

"டீச்சர் என்னையும் சேர்த்துக்குவாங்களா?"

செந்தி டீச்சர் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டார்.

பள்ளியில் புரியாமல் போனதைக் கோடை விடுமுறையில் ஆசையோடு படித்தால், அது நமக்கும் உதவும், நம்மைச் சுற்றி இருப்பவர்களையும் காக்கும்.