சடையாண்டிக் கரடியும் இலுப்பைப் பூவும்

“‘ஆட்டத்தில் ஜெயிக்கிறேனா, இல்லையா? களத்துக்கு வெளியே நான் எதைத் தின்றால் உனக்கென்ன?’ இதைத்தானே சொன்னாய்? இன்னொரு தடவை சொல், என் காது குளிரட்டும்!”

ஒரு காட்டில், காலங்கார்த்தாலேயே இப்படிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது ஊசியம்மாள் என்கிற முள்ளம்பன்றி. திட்டு வாங்கிக்கொண்டிருந்தது சடையாண்டி என்கிற கரடி. பள்ளக்காட்டுச் சடுகுடு அணியின் நட்சத்திரமே அதுதான். புற்றில் வாயை வைத்துக் கறையானை உறிஞ்சி உறிஞ்சிப் பழகிய மூச்சு. பாடிக்கொண்டு போனால், திரும்பி வரும்வரை அறுந்ததே இல்லை.

போன ஆட்டத்தில் அறுந்தது. பாறைக் குழியில் இலுப்பைப் பூவை ஊறப்போட்டு, நுரைத்துப் புளித்ததும் அள்ளித் தின்னும் பழக்கம் கரடிக்கு வந்திருந்தது. தின்றால் தலை கிறுகிறுக்கும். பின்னாலேயே விக்கல் வரும். “சடுகுடு சடுகுடு சடு… விக்!” என்று அது நடுவில் நின்றபோது, மேட்டுக்காட்டுச் செந்நாய்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

இன்று சாயங்காலம் அதே செந்நாய்களோடு பெரிய ஆட்டம். ஜெயிக்கிற காட்டுக்குத்தான் கோடை முழுக்க நிழல்மடுத் தண்ணீர். தோற்றால், மலைக்கு அந்தப் பக்கத்துச் சேற்றுக் குட்டைக்கு நடக்க வேண்டும். அந்த வெயிலில் ஊசியம்மாளின் குட்டிகள் அவ்வளவு தூரம் போய்ச் சேராது.

“அணித் தலைவர் மானிடமும் சொல்லிப் பார்த்தேன். ‘நட்சத்திரம் கோபித்துக்கொண்டால் ஆட வராதே’ என்று பம்முகிறார். எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. காட்டுக் குட்டிகள் பூராவும் உன்னைப் பார்த்துத்தான் தொடையைத் தட்டுகின்றன. உன்னைப் பார்த்துத்தான் ஏப்பம் விடுகின்றன. தெரியுமா?”

“நான் என்ன உன் குட்டிகளுக்கு வாத்தியாரா? போ அக்கா, போய்க் கிழங்கு தோண்டு.” கரடி முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டது.

பாறைக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். அங்கே மான்குட்டியும் முயல்குட்டியும் முள்ளம்பன்றிக் குட்டிகளும் தங்கள் முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தன.

ஊசியம்மாள் குட்டிகளையும் கரடியையும் மாறி மாறிப் பார்த்தது.

“குட்டிகளா, வெளியே வாருங்கள்! ஆட்டம் முடியும்வரை கரடி மாமா பின்னாலேயே போங்கள். மாமா என்ன செய்கிறாரோ, அதையே செய்யுங்கள். நான் தடுக்க மாட்டேன்.”

கரடிக்குத் தலைகால் புரியவில்லை. “இப்போதுதான் அக்கா உனக்கு என் அருமை தெரிகிறது!” என்று சொல்லிப் பக்கத்திலிருந்த பாறைக் குழிக்குள் கையை விட்டு, நுரை சொட்டச் சொட்டப் பூவை அள்ளியது.

குட்டிகளும் அள்ளின. கரடி வாயைத் திறந்தது. குட்டிகளும் திறந்தன.

“ஏய், ஏய்! கீழே போடுங்கள்! தலை சுற்றி விழுவீர்கள்!”

“நீங்கள் தின்கிறீர்களே, மாமா?” என்றது முயல்குட்டி.

கரடி திரும்பிப் பார்த்தது. “அக்கா, சொல்லேன் இதுகளிடம்!”

“களத்துக்கு வெளியேதானே? எனக்கென்ன?” என்றது ஊசியம்மாள். அதன் குட்டிகளின் வாயும் திறந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு முள்கூட அசையாமல் நின்றது.

கரடி பூவைக் குழியிலேயே போட்டது. குட்டிகளும் போட்டன.

கொஞ்ச நேரம் கழித்துக் கரடி புதருக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிக் குழிக்கு வந்து பார்த்தது. குட்டிகளும் பதுங்கி வந்தன. கோபித்துக்கொண்டு படுத்தது. அவையும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தன. வேறு வழியில்லாமல் நன்றாகத் தூங்கி எழுந்து, அத்திப்பழம் தின்று, முகம் கழுவிக்கொண்டு கரடி ஆட்டத்துக்குப் போனது.

ஆட்டம் கடுமையாக இருந்தது. பள்ளக்காட்டில் மான், குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் அவுட். மிஞ்சியது கரடி மட்டும். தொடையைத் தட்டிக்கொண்டு அது பாடிப் போனது. மிச்சமிருந்த செந்நாய்கள் அத்தனையும் பாய்ந்து காலைக் கவ்விப் பிடித்தன.

“சும்மா பிடித்துக்கொண்டே இருங்கடா! இப்போது விக்குவான் பாருங்கள்!” என்றது செந்நாய்த் தலைவன்.

சடுகுடு சடுகுடு சடுகுடு… விக்கல் வரவில்லை. எல்லைக் கோட்டில் நின்ற குட்டிகளும் மூச்சு விடாமல் கூடவே பாடின. கண் பிதுங்க அவை பாடுவதைக் கரடி பார்த்தது. அதற்குப் பிறகு எப்படி நிறுத்தும்? காலில் தொங்கிய செந்நாய்களையும் இழுத்துக்கொண்டு, மண்ணைக் கீறிக் கீறி நகர்ந்து, நடுக்கோட்டில் கையை வைத்தது.

பிடித்தவை அத்தனையும் அவுட்! நிழல்மடு பள்ளக்காட்டுக்கு!

யானை தும்பிக்கை நிறையத் தண்ணீரை மொண்டு கரடியின் தலையில் கொட்டியது. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக் கூவின. மான் தலைவர், “எல்லாம் நான் கொடுத்த பயிற்சி” என்றார். ஊசியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

கூச்சல் ஓய்ந்ததும் கரடி நைசாகப் பாறைக் குழிப் பக்கம் போனது. பூ இன்னும் நுரைத்துக்கொண்டுதான் இருந்தது. கரடி குனிந்தது. பின்னால் வரிசையாகக் குட்டிகளும் குனிந்தன.

“அக்கா,” என்று கரடி குழைந்தது. “ஜெயித்தாயிற்றே. ஒரே ஒரு பூ. இதுகளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லேன்?”

ஊசியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பக்கத்து மடுவில் குனிந்து, குளிரக் குளிரத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

நீதி: உன்னைப் பார்த்து நடக்கப் பிள்ளைகள் இருக்கும்வரை, நீ போகுமிடமெல்லாம் களம்தான்.