திரும்பிப் பார்த்தவர்

ஆற்றங்கரை மடத்தில் ஒரு குரு இருந்தார். அவரைப் பொறுமைசாலி என்று ஊர் சொல்லும். ஊர் அவரை மாலை நேரத்தில் மட்டும்தான் பார்த்திருந்தது.

அவருடைய சீடர்களில் ஒருவர் ஆவுடையப்பன். குருவைவிட வயதில் மூத்தவர். அரிசி மண்டி வைத்து நடத்தியவர். தகப்பனார் இறந்த மறு மாதம் மண்டியை மைத்துனர் கையில் விட்டுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து மாலைக் கூட்டத்தில் அவருடையதுதான் முதல் கேள்வி. மரணம் என்றால் என்ன? உடல் அழியும்போது அழியாதது எது? போகிறவன் யார், இருக்கிறவன் யார்? கூட்டம் தலையை ஆட்டும். கேள்வி பெரிதாக இருந்தால் கேட்டவனும் பெரியவன் என்று நம்புகிற கூட்டம். நம் நாட்டில் அதற்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

ஒருநாள் காலையில் ஆவுடையப்பன் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"சுவாமி, எனக்குக் காவி தர வேண்டும். துறவு வாங்கிக்கொள்கிறேன்."

"எதற்கு வே?"

"பற்று விட்டுப்போயிற்று."

"நேற்று ரசத்தில் புளி கூடிப்போயிற்று என்று மடைப்பள்ளியில் சட்டியைத் தள்ளிவிட்டது யார்?"

"அது நாக்கு சுவாமி. ஆன்மா இல்லை."

குரு கண்களை மூடிக்கொண்டார். அது தியானம் இல்லை.

"இன்றைக்கே தர வேண்டும்" என்றார் ஆவுடையப்பன்.

"இன்றைக்கே என்றால்? காவி என்ன வடையா, ஆறிப்போக?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார்.

குரு கேட்டார்: "உம்முடைய தாயார் எப்படி இருக்கிறார்?"

"கஞ்சி இறங்கவில்லை. நினைவு இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. இனி மருந்தால் பயனில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்."

"நீர் ஒற்றைப் பிள்ளை."

"ஆமாம்."

"காவி கட்டினவன் கொள்ளி வைக்க வேண்டியதில்லை. மைத்துனர் வைத்துவிடுவார். அதுதானே கணக்கு?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து, கூட்டத்தில் பேசுகிற குரலில் கேட்டார்: "உடலுக்கும் உடலுக்கும் என்ன உறவு சுவாமி? தாய் யார்? பிள்ளை யார்?"

"ஆரம்பித்துவிட்டீரா?" குரு எழுந்தேவிட்டார். "ஒரு வருடமாக இதே கேள்வி. நான் பதில் சொல்கிறேன். நீர் தலையை ஆட்டுகிறீர். மறுநாள் அதையே வேறு வேட்டி கட்டிவிட்டுக் கூட்டி வருகிறீர். உமக்கு என்னதான் வே தெரிய வேண்டும்?"

"மரணம்..."

"மரணத்தை விடும். நீர் ஏன் விளக்குப் பக்கம் உட்காருவதில்லை? கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தினபோது ஊரே வாசலில் நின்றது. நீர் மாட்டுத் தொழுவத்தில் போய், மாட்டின் மறுபக்கம் நின்றீர். மாட்டிடம் என்ன கேட்டீர், மரணம் என்றால் என்ன என்றா?"

ஆவுடையப்பன் முகத்தில் இருந்த பெரிய மனிதர் இறங்கிப் போய்விட்டார்.

"நான் திரும்பிப் பார்த்துவிட்டேன் சுவாமி" என்றார்.

அந்த ஊரில் மகன் குடம் உடைப்பான். சிதைக்கு முதுகைக் காட்டி நின்று கொள்ளி வைப்பான். அப்படியே திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். ஏன் பார்க்கக் கூடாது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அடி விழாது. சிரிப்பார்கள். அடிக்குப் பயப்படாதவன்கூட அதற்குப் பயப்படுவான்.

"கரை ஏறும்போது பார்த்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார். கை என் பக்கம் நீண்டது. ஏதோ சத்தமும் வந்தது. அங்கே எரிக்கிற அந்தப் பொம்பிளை கம்பால் அடித்துப் படுக்க வைத்தாள். நான் ஓடிவிட்டேன். குளித்துவிட்டு எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன் சுவாமி. பாயசம்கூட ஊற்றிக்கொண்டேன்."

"உயிரோடு எரித்துவிட்டோமோ என்று நினைக்கிறீர்."

ஆவுடையப்பன் ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"இதை யாரிடம் கேட்டீர்?"

"உங்களிடம்தான். ஒரு வருடமாக."

"என்னிடமா?" குரு நெற்றியில் அறைந்துகொண்டார். "என்னிடம் அழியாதது எது என்று கேட்டீர். அப்பா ஏன் எழுந்து உட்கார்ந்தார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்வேன்? நான் ஒரு பிணத்தையாவது எரித்திருக்கிறேனா?"

"அந்தப் பொம்பிளையிடம் எப்படிக் கேட்பது? திரும்பிப் பார்த்தது தெரிந்துவிடும். ஊரெல்லாம் சொல்லிவிடுவாள். அதுவும் அவளிடம் போய்..."

"அவளிடம் போய் என்றால்?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

குரு துண்டை உதறித் தோளில் போட்டார். "நடவும்" என்றார்.

சுடுகாட்டில் வெள்ளத்தாய் வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஊர் தன் அப்பனையும் ஆத்தாளையும் அவள் கையில்தான் கொடுத்துவந்தது. ஒரு நல்ல வார்த்தை கொடுத்ததில்லை.

"யாரு வீட்டுல?" என்று கேட்டாள்.

"சாவு இல்லை, தாயே. இவர் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, ஐம்பூதங்களில் நெருப்பானது..."

"என்னது?"

குரு பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"இல்லை, இந்த விறகெல்லாம் எங்கிருந்து வருகிறது?"

"மரத்துலருந்து."

"மழைக்காலத்தில் உனக்குச் சிரமம்தான்."

"ஆமா."

"என்னுடைய நண்பர் ஒருவர். அவருக்கு ஒரு சந்தேகம்."

"அவரு வரலையா?"

"அவர் கொஞ்சம் கூச்சப்படுகிறவர்."

"கூச்சம் தெளிஞ்சதும் வரச் சொல்லுங்க. எனக்கு வேலை கெடக்கு." அவள் அடுத்த வரட்டியை எடுத்துச் சப்பென்று அறைந்தாள். குருவைப் பார்த்துச் சொன்னாள்: "இது பெரிய ரோதனையாப் போச்சு சாமி. கொள்ளி வச்ச ஆளு யாராவது ஒருத்தர் இப்படி வந்துகிட்டே இருக்காரு. விறகைப் பத்திக் கேக்காரு. ஆத்துல தண்ணி எப்ப வரும்னு கேக்காரு. உன் பிள்ளை என்ன படிக்கான்னு கேக்காரு. எனக்குப் பிள்ளையே கெடையாது. கேக்க வந்ததை மட்டும் கேக்காம போயிருதாரு."

"நீங்களாகவே சொல்லிவிடலாமே?"

"ஒருத்தருட்ட சொன்னேன். உங்கிட்ட நான் கேட்டனான்னு செருப்பைக் கழத்திட்டு வந்தாரு. அன்னைலருந்து கேட்டாத்தான் சொல்லுதது."

ஆவுடையப்பன் மெல்ல மடத்தின் பக்கம் திரும்பினார்.

"போம்" என்றார் குரு. குரலை உயர்த்தவில்லை. "பெட்டியில் காவி இருக்கிறது. எடுத்துக் கட்டிக்கொள்ளும். உம்முடைய தாயாருக்கு மைத்துனர் கொள்ளி வைக்கட்டும். நீர் மாட்டின் மறுபக்கம் நின்றுகொள்ளும்."

ஆவுடையப்பன் நின்றார். திரும்பி வந்தார். வெள்ளத்தாய்க்கு எதிரில், சாம்பல் தரையில், வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"என் அப்பா எழுந்து உட்கார்ந்தார். நீ கம்பால் அடித்தாய். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அப்போது அவருக்கு உயிர் இருந்ததா?"

வெள்ளத்தாய் கையில் இருந்த சாணியைக் கீழே வைத்தாள்.

"இல்ல" என்றாள்.

அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் கையைத் துடைத்தாள்.

"தீ பட்டா நரம்பு சுருங்கும். பச்சைத் தோலை அடுப்புல போட்டுப் பாருங்க, சுருண்டு எந்திரிக்கும். உடம்பும் அப்படித்தான். முதுகு வளையும், கை நீளும். சத்தம் உள்ள நிக்கிற காத்து. நெஞ்சுல கனத்த கட்டையா வச்சா எந்திரிக்காது. அன்னைக்கு உங்க சொந்தக்காரங்க பந்திக்கு நேரமாச்சுன்னு வெரட்டுனாங்க. கையில கெடச்ச கட்டையை வச்சேன்."

"உயிர் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பாத்தேன். நீங்கள்லாம் வாய்க்கரிசி போட்டுட்டுத் தள்ளி நின்னீங்க. பாடையிலருந்து தூக்கி வச்சது நான். கழுத்துல கை வச்சுப் பாக்காம ஒருத்தரையும் நான் கட்டை மேல ஏத்துனதில்ல. உங்க அப்பா வெறச்சுப் போயிருந்தாரு. மடங்குன கையை நிமித்த முடியல. வெறச்ச உடம்புல எங்கய்யா உயிரு இருக்கும்?"

ஆவுடையப்பன் அழுதார். வாயைத் திறந்து, மண்டியில் மூட்டை சுமக்கிறவர்கள் அழுவது போல அழுதார். மூக்கைச் சிந்தினார். அதற்குப் பிறகு கோபம் வந்தது.

"இதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வருடம் நான் தூங்கவில்லை."

"ஓடிட்டீங்களே. பின்னாலயே ஓடி வரணுமாக்கும்? வந்திருந்தா உங்க தெருவுக்குள்ள விட்டிருப்பீங்களா?"

ஆவுடையப்பன் குருவைப் பார்த்தார். குரு ஆற்றைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அம்மாவுக்கு முடியவில்லை. கொண்டுவரும்போது, கட்டை மேல் ஏற்றுவதற்கு முன்னால், நானும் கழுத்தில் கை வைத்துப் பார்க்கலாமா? நெஞ்சில் வைக்கிற கட்டையை எப்படி வைப்பது என்று நீங்கள் சொல்லித் தருவீர்களா?"

"வாங்க. தாறேன்" என்றாள். சாணியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் தட்டவில்லை.

"சாமி, நானும் ஒண்ணு கேக்கலாமா? சிரிக்கக் கூடாது."

"கேளுங்கள்."

"எத்தனையோ பேரை எரிச்சிட்டேன். சாம்பலாகுத வரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் அவங்க எங்க போறாங்க?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்குக் குரு சொன்ன பதில்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"எனக்குத் தெரியாது" என்றார் குரு.

"நெசமாவா?"

"நிஜமாகத்தான்."

வெள்ளத்தாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வரட்டியைத் தட்டினாள்.

கரை ஏறுகிற வரைக்கும் ஆவுடையப்பன் அடக்கிக்கொண்டிருந்தார். ஏறினதும் கேட்டார்: "சுவாமி, ஒரு வருடமாக எனக்கு அவ்வளவு சொன்னீர்களே."

"சொன்னேன்."

"அதெல்லாம் என்ன?"

"நீர் பெரிதாகக் கேட்டீர். நானும் பெரிதாகச் சொன்னேன். கூட்டம் வேறு பார்த்துக்கொண்டிருந்தது. தெரியாது என்று சொல்ல எனக்கும் வெட்கமாக இருந்தது வே."

ஆவுடையப்பனுக்குக் குருவை ஏச வேண்டும் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஏசாமல் தன் வீட்டுத் தெருவுக்குப் போகிற பாதையில் திரும்பினார்.

"மடம் இந்தப் பக்கம்" என்றார் குரு.

"தெரியும். அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்."

"என்ன?"

"நாளைக்கே எழுந்து நடமாடுவாய் என்று வீட்டில் எல்லாரும் அவளிடம் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அவளும் ஆமாம் ஆமாம் என்கிறாள். சாகப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும் சுவாமி. அது எப்படி இருக்கிறது, பயமாக இருக்கிறதா என்று யாருமே அவளைக் கேட்கவில்லை."

"நீர் கேட்பீரா?"

"கூச்சமாகத்தான் இருக்கிறது."

"சீக்கிரம் போய்க் கேளும்" என்றார் குரு. "என்ன சொன்னாள் என்று எனக்கும் வந்து சொல்லும்."