செத்த குட்டையும் ஒரு தூக்குச்சட்டித் தயிர்ச்சோறும்

நம்புகிறவர்களுக்கு நான் கதை சொல்வதில்லை. நம்பாமலே கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் சொல்வது. ஆகவே நம்பாமல் கேளுங்கள்.

நம் சூரியனைத் தாண்டி வெகு தொலைவில், ஒரு சிறிய சிவப்புச் சூரியனை ஒரு கிரகம் சுற்றுகிறது. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, அதுவும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். அதனால் அதன் ஒரு பாதியில் பொழுது சாய்வதே கிடையாது. அங்கே உயிர் உண்டா என்று பார்த்துவர மூன்று பேர் ஒரு விண்கப்பலில் போனார்கள். கேப்டன் ஆளவந்தார், மண்ணையும் நீரையும் சோதிக்கும் டாக்டர் அங்கயற்கண்ணி, சமையல்காரர் சூசை. போய்ச் சேரவே ஒன்பது வருஷம்.

கப்பலில் இரண்டு சட்டம். ஞாயிறுதோறும் கேப்டன்தான் அவற்றை உரக்கப் படிப்பார். எந்த நீரையும் ஐந்து நாள் கருவியில் வைத்துப் பார்த்த பிறகே உயிர் இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவரை நம் உலகத்துப் பொருள் ஒரு துளியும் அதில் படக் கூடாது. இது முதல் சட்டம். நம் கிருமியால் அங்குள்ள உயிரைக் கொன்றவரை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். இது இரண்டாவது.

கிருமி ஏறிவிடக் கூடாதென்று அரிசி பருப்புக்குக்கூடக் கதிர் பாய்ச்சித்தான் கப்பலில் ஏற்றினார்கள். ஆனால் ஆளவந்தாருக்குத் தயிர்ச்சோறு இல்லாவிட்டால் சாப்பாடே இறங்காது. புறப்படுமுன் சூசையைத் தனியே கூப்பிட்டார்.

"சூசை, ஒரு கரண்டி உறைமோர் எப்படியாவது கொண்டாந்துடு."

"சட்டம் இருக்கே ஐயா?"

"அதைப் படிக்கிறவனே நான்தானேய்யா!"

சூசை ஒரு மூக்குப்பொடி டப்பாவில் உறையைக் கடத்தி வந்தார். பால்பொடியைக் கரைத்துக் காய்ச்சி, உறை ஊற்றி, இன்றைய தயிரில் நாளைக்கென்று ஒரு கரண்டி எடுத்துவைத்து, ஒன்பது வருஷம் அந்த வம்சத்தை அறுபடாமல் காத்தார். டாக்டரும் தினம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். யார் மேலும் புகார் எழுதவில்லை.

இறங்கினார்கள். அங்குள்ள காற்று நமக்கு ஆகாது. வெளியே போகக் காற்றுடை வேண்டும். இருந்தவை இரண்டே உடைகள். சமையல்காரனுக்கு எதற்கு என்று சூசைக்குத் தைக்கவே இல்லை. அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேடித் தேடி அகப்பட்டது ஒரே ஒரு குட்டை. அதன் தண்ணீர், உறை ஊற்றுவதற்கென்றே ஆறவைத்த பால்போல வெதுவெதுப்பாக இருந்தது. கரையில் கூடாரம் அடித்து நல்ல காற்றை நிரப்பினார்கள். டாக்டர் ஒரு குப்பியில் நீர் மொண்டு கருவியில் வைத்தார். கேப்டன் கூடாரத்துக்குள் தூக்குச்சட்டியைத் திறந்து, தயிர்ச்சோற்றை நார்த்தங்காயோடு ஒரு பிடி பிடித்தார். பிறகு உடையை மாட்டிக்கொண்டு சட்டியோடு குட்டைக்குப் போனார்.

"டாக்டர், இது செத்த தண்ணிதானே? சட்டியைக் கழுவிக்கலாமா?"

அங்கயற்கண்ணி நிமிரக்கூட இல்லை. "பார்த்தாலே தெரியுதே கேப்டன். தாராளமாக் கழுவுங்க."

கழுவினார்.

நாலாம் நாள் குட்டை வெள்ளையாகத் திரண்டு புளித்துப் போயிற்று. ஐந்தாம் நாள் கருவிக்குள் இருந்த குப்பி பச்சையாயிற்று. உருப்பெருக்கியில் பார்த்தால், உள்ளே ஆயிரமாயிரம் நீந்துகின்றன! கோடிக்கணக்கான வருஷம் யார் தயவும் இல்லாமல் பிழைத்துக் கிடந்த உயிர். குட்டையில் அதில் ஒன்றுகூட மிச்சமில்லை.

கேப்டன் விசாரணையைக் கூட்டினார். நீதிபதியும் அவரே.

"நான் கேட்டுட்டுத்தான் கழுவினேன். செத்ததுன்னு சொன்னது டாக்டர்."

"சொன்னது தப்புதான்," என்றார் அங்கயற்கண்ணி. "ஆனா கப்பல்ல தயிரே இல்லேன்னா, என் தப்பால ஒரு புழுகூடச் செத்திருக்காது. கிருமியை ஒன்பது வருஷம் தொட்டில் கட்டி வளர்த்தது யாரு?"

இருவரும் சூசையைப் பார்த்தார்கள்.

"நான் அந்தக் குட்டைப் பக்கமே போகலையே ஐயா! நீங்க கேட்டீங்க, செஞ்சேன். டாக்டரம்மா, நீங்களும் ருசிச்சுத்தானே சாப்பிட்டீங்க?"

"ருசியாத்தான் இருந்தது. இல்லேன்னு சொல்லலையே," என்றார் டாக்டர்.

ஓட்டு எடுத்தார்கள். இரண்டுக்கு ஒன்று. சூசைக்கு உடை இல்லையே என்று, கேப்டன் தம்முடையதையே கழற்றிக் கொடுத்தார். எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை! அதில் எட்டு நாளைக்குக் காற்று இருந்தது.

"நான் புறப்படறப்போ என் மகளுக்கு ஆறு வயசு ஐயா. அவகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

ஆளவந்தார் சற்று யோசித்தார். "உங்கப்பா நல்லா சமைப்பார்னு சொல்றேன்."

கப்பல் கிளம்பியது. பொழுதே சாயாத அந்த வெயிலில் சூசை நின்றுகொண்டிருந்தார்.

இப்போது சொல்லுங்கள். கிருமியை வளர்த்தவர் சூசை. செத்த தண்ணீர் என்றவர் அங்கயற்கண்ணி. கழுவியவர் ஆளவந்தார். அந்தச் சட்டப்படியே பார்த்தாலும், யாரை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்?

விடை: கேப்டனை. சூசையின் தயிர் கப்பலுக்குள் இருந்தவரை எதையும் கொல்லவில்லை. டாக்டர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அதற்குத் தண்டனை வேறு. ஆனால் ஐந்து நாள் ஆகாமல் அந்தப் பதிலை எவராலும் சொல்ல முடியாதென்று வாராவாரம் வாய்விட்டுப் படித்தவர் ஆளவந்தார். அவர் முதல் நாளே கேட்டது தெரிந்துகொள்வதற்காக அல்ல. பின்னால் பழியை இறக்கிவைக்க ஒரு தோள் வேண்டுமே, அதற்காக. நீங்கள் சூசை என்று சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். ஊரும் அதையே சொன்னது. பச்சைக் குப்பியோடு திரும்பிய ஆளவந்தாருக்கு மாலை போட்டு, அடுத்த கிரகத்துக்கும் அவரையே அனுப்புகிறார்கள். புதுச் சமையல்காரர் நேற்று வேலையில் சேர்ந்துவிட்டார்.