வாத்து விசாரித்த வம்சம்

நைல் நதிக்கரையில் கோரைப் புதருக்குள் ஒரு வாத்து ஆறு முட்டைகளை அடைகாத்து வந்தது. அதற்குப் பொல்லாத சந்தேகப் புத்தி. தண்ணீரில் தன் நிழல் அசைந்தாலும், "யாரடா அது?" என்று அதட்டும்!

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் வந்தாலும், "எந்தச் சாமி வீட்டு ஆள்?" என்று கேட்ட பிறகுதான் மறுபேச்சு. வாத்து, பூமிசாமி கெப் வீட்டு ஆள். கெப்பின் மனைவி நூட், வானத்துக்கே அம்மன். அந்தப் பெருமையில் வாத்துக்குக் கால் தரையில் பாவாது.

ஒருநாள் ஆற்றில் வெள்ளம் ஏறத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் கூடு முழுகிவிடும். முட்டைகளைத் தூக்க வழியில்லாமல் வாத்து தவித்தது.

அப்போது முதுகில் கூடையோடு ஒரு கழுதை வந்தது. "வாத்தக்கா! நான் படுத்துக்கிறேன். முட்டைகளைக் கூடையில உருட்டி விடு. மேட்டுல கொண்டுபோய் வைக்கிறேன்!"

"நில்லு! எந்தச் சாமி வீடு நீ?"

"பாலைவனப் புயல்சாமி சேத் வீடு."

"ஐயையோ! பயிர்பச்சை வளர்த்த ஒசைரிஸ் சாமியை, கூடப்பிறந்த அண்ணன்னுகூடப் பார்க்காம கொன்னவராச்சே!"

"சேத்தும் உங்க கெப் பெத்த பிள்ளைதானே, அக்கா?"

"அந்த வயித்தெரிச்சலைக் கிளப்பாதே! தள்ளிப் போ!"

கழுதை பத்தடி தள்ளிப்போய் நின்றது.

அடுத்து ஒரு நரி வந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு பவ்வியமாகக் கும்பிட்டது. "நான் அனுபிஸ் வீடு. அனுபிஸ் யாரு? ஒசைரிஸ் மகன். அப்போ கெப்புக்கு என்ன முறை, அப்பத்தா?"

"பேரன்!" வாத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "வாடா ராசா! செத்தவங்களுக்கே காவல் இருக்கிற சாமியாச்சே!"

நரி ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போனது. திரும்பி வந்து அடுத்ததை எடுத்தது. அப்போதும் வாத்து சும்மா இருக்கவில்லை. கண்கொட்டாமல் காவல் காத்தது. யாரை? கழுதையை!

"அக்கா, அவன் வாயைப் பாரு!" என்று கழுதை கத்தியது.

"குடும்பத்தைக் கெடுக்கிறது உங்க பரம்பரை வேலை! அப்பத்தாவையும் பேரனையும் பிரிக்கப் பார்க்கிறியா?"

ஐந்து முட்டைகள் போயின. ஆறாவதற்காக நரி குனிந்தது. அதன் மீசையில் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது.

"அடப்பாவி! என் பிள்ளைகளைத் தின்னுட்டியா!" என்று வாத்து அலறியது.

கழுதை பாய்ந்து வந்து ஓர் உதை விட்டது. நரி ஆற்றுக்குள் போய் விழுந்தது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று நீந்தி ஓடியே போயிற்று.

கழுதை படுத்துக்கொண்டது. வாத்து அழுதபடியே ஒற்றை முட்டையைக் கூடைக்குள் உருட்டியது. "உன்னை அவ்வளவு ஏசினேனே! பின்னே ஏன் நின்னே?"

"சேத் செஞ்சது சேத்தோட, அக்கா. தண்ணி ஏறுதேன்னு நின்னேன்."

வாத்து மேட்டில் போய் முட்டைமேல் உட்கார்ந்தது. மற்ற ஐந்து முட்டைகள் இருக்க வேண்டிய இடம் அதன் வயிற்றுக்கடியில் சில்லிட்டது.

ஒருவன் எந்த வீட்டில் பிறந்தான் என்று துருவித் துருவிக் கேட்டு, அவன் என்ன செய்கிறான் என்று பார்க்காமல் விடுகிறவர், திருடன் கையிலேயே சாவியைக் கொடுக்கிறார்.