மன்றத்துக்கு வந்த கோரைப்பற்கள்

ஒரு காட்டில், மலையடிவாரத்தில், அகன்ற குகை ஒன்று இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டு விலங்குகள் அதை மன்றம் என்று அழைத்தன. யார் யாருடைய புதரை மிதித்தார்கள், எந்த மரத்துப் பழம் யாருக்கு என்ற வழக்குகளெல்லாம் அங்கேதான் பேசித் தீர்க்கப்பட்டன.

குகை வாசலில் ஒரு சேற்றுக் குழி இருந்தது. உள்ளே நுழையும் முன் காட்டெருமை தன் கொம்பு நுனிகளை அந்தச் சேற்றில் தோய்த்துக்கொள்ளும். காட்டுப்பன்றி தன் கோரைப்பற்களைத் தோய்த்துக்கொள்ளும். முள்ளம்பன்றி சேற்றில் புரண்டு தன் முட்களைப் படிய வைத்துக்கொள்ளும். சேறு காய்ந்து கட்டியாக ஒட்டிவிட்டால் எந்தக் கூர்மையும் யாரையும் குத்தாது. அதனால் முயல்கூட எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதனோடு வாதாட முடிந்தது.

ஒரு கோடையில், மருதி என்ற புள்ளிமான் மன்றத்தில் ஒரு வழக்குச் சொல்ல வந்தது. மலைச்சரிவில் இருந்த ஊற்றை உக்கிரன் என்ற காட்டுப்பன்றியும் அதன் கூட்டமும் கிழங்குக்காகத் தோண்டிப் பாழாக்கியிருந்தன. அந்தக் கலங்கல் நீரைக் குடித்து மருதியின் குட்டி நோயில் விழுந்துவிட்டது.

அன்று உக்கிரனும் வந்தது. சேற்றுக் குழியைத் தாண்டி நேராக உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. அதன் கோரைப்பற்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

மன்றத்துக்குத் தலைமை தாங்கியது ஒரு கரடி. யாருடைய மனமும் கோணக் கூடாது என்று நினைக்கும் கரடி அது.

"உக்கிரா, பற்களைச் சேற்றில் தோய்க்க மறந்துவிட்டாயே," என்றது கரடி.

"மறக்கவில்லை, தலைவரே. வரும் வழியெல்லாம் செந்நாய்கள் திரிகின்றன. என் பாதுகாப்பை நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?"

"இங்கே உள்ளே செந்நாய் ஒன்றும் இல்லையே," என்றது முயல்.

உக்கிரன் மெல்லத் திரும்பி முயலைப் பார்த்தது. முயல் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"நான் யாரையாவது குத்தினேனா? குத்துவேன் என்று மிரட்டினேனா? பற்கள் தம் பாட்டுக்கு என் வாயில் இருக்கின்றன. இதில் யாருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டது உக்கிரன்.

கரடி யோசித்தது. திருப்பி அனுப்பினால் சண்டை வரும். சண்டையைவிட விட்டுக்கொடுப்பது நல்லது என்று அதற்குத் தோன்றியது.

"சரி, குத்தாமல் இருந்தால் போதும். பற்கள் இருந்துவிட்டுப் போகட்டும். மருதி, நீ சொல்ல வந்ததைச் சொல்," என்றது.

மருதி எழுந்து நின்றது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தது. உக்கிரன் தன் பல்லைப் பாறையில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. கறக், கறக் என்று சத்தம் கேட்டது.

"ஊற்று கொஞ்சம் கலங்கியிருக்கிறது," என்றது மருதி.

"கலக்கியது யார்?"

"தெரியவில்லை, தலைவரே. காற்றில் மண் சரிந்திருக்கலாம்."

வழக்கு அதோடு முடிந்தது.

வெளியே வந்ததும் முயல் கேட்டது. "ஏன் அக்கா, சொல்லாமல் விட்டுவிட்டாய்?"

"அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை, தம்பி. ஆனால் அந்தப் பற்களைப் பார்த்ததும் என் வாயில் பொய்தான் வந்தது," என்றது மருதி.

அடுத்த முறை மன்றம் கூடியபோது காட்டெருமையும் சேற்றைத் தொடவில்லை. "பன்றிக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டது.

முள்ளம்பன்றி பயந்த பிராணி. "இத்தனை கூர்மைக்கு நடுவில் நான் மட்டும் முள்ளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் என் உயிருக்கு யார் பொறுப்பு?" என்று அது தன் முட்களை விறைத்துக்கொண்டது.

கரடி இதையும் அனுமதித்தது. உக்கிரனை அப்படியே உள்ளே விட்டபிறகு இவர்களைத் தடுக்க அதற்கு வாய் வரவில்லை.

அணில்கள் மன்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. காட்டுக்கோழிகளும் நின்றுவிட்டன. வந்தவர்களும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, அடுத்தவரின் கொம்பையும் பல்லையுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் சேறு காய்ந்து வெடித்தது.

மருதியின் குட்டியால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. இனி பயந்து பயன் இல்லை என்று மருதி மறுபடியும் மன்றத்துக்கு வந்தது. கூட்டத்தின் நடுவில் போய் நின்றது.

"அன்று நான் பொய் சொன்னேன், தலைவரே. ஊற்றைப் பாழாக்கியது உக்கிரனின் கூட்டம்தான். நான் என் கண்ணால் பார்த்தேன். என் குட்டி..."

அப்போது குகைக்கு மேலே இருந்த விளாமரத்திலிருந்து ஒரு காய் பாறைமேல் விழுந்தது. 'டமார்' என்ற சத்தம் குகை முழுவதும் எதிரொலித்தது.

எருமை பாய்கிறது என்று நினைத்து உக்கிரன் பாய்ந்தது. பன்றி தாக்குகிறது என்று நினைத்து எருமை கொம்பைத் தாழ்த்தி ஓடியது. முள்ளம்பன்றி கண்ணை மூடிக்கொண்டு, முட்களைச் சிலிர்த்தபடி பின்பக்கமாகவே பாய்ந்தது.

நடுவில் மருதி நின்றுகொண்டிருந்தது.

புழுதி அடங்கியபோது அது தரையில் கிடந்தது. கழுத்தில் முட்கள் தைத்திருந்தன. வயிறு கிழிந்திருந்தது. முயல் ஓடிப்போய் அதன் முகத்தருகே நின்றது. மருதிக்கு மூச்சு இல்லை.

"நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்," என்றது எருமை.

"நானும் அப்படித்தான்," என்றது முள்ளம்பன்றி. அது தன் முட்களை இன்னும் மடக்கவில்லை.

உக்கிரனின் பற்களில் ரத்தம் வழிந்தது.

கரடி அழுதது. "போதும். இனி எல்லாரும் பழையபடி சேற்றில் தோய்த்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்," என்றது. தானே ஆற்றுக்குப் போய், தேக்கிலையில் தண்ணீர் கொண்டுவந்து குழியில் ஊற்றி மண்ணைக் குழைத்தது.

"முதலில் பன்றி தோய்க்கட்டும்," என்றது எருமை.

"எருமை தோய்க்காமல் நான் தோய்க்க மாட்டேன்," என்றது உக்கிரன்.

"நீங்கள் இருவரும் முடித்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள்," என்றது முள்ளம்பன்றி.

மூவரும் குழியைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏற ஏறச் சேறு மறுபடியும் காய்ந்தது. ஒருவர் பின் ஒருவராக, முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்தே போய்விட்டார்கள்.

மருதியின் குட்டியை முயல் தன்னால் முடிந்தவரை பார்த்துக்கொண்டது. ஆனாலும் அது பிழைக்கவில்லை. அதன்பிறகு முயல் தன் குடும்பத்தோடு மலைக்கு அப்பால் போய்விட்டது.

மன்றம் கூடும் நாளில் கரடி மட்டும் வந்து, குகைக்குள் மாலைவரை தனியாக உட்கார்ந்திருந்தது. சரிவில் பன்றிகள் ஊற்றைத் தோண்டும் சத்தம் அதன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வழக்குச் சொல்ல யாரும் வரவில்லை.

நீதி: பேசித் தீர்க்கும் இடத்தில் ஒருவர் கையில் ஆயுதத்தை அனுமதித்தால், அச்சம் அதை எல்லார் கையிலும் கொடுத்துவிடும், பிறகு அங்கே நியாயம் பேச ஆள் இருக்காது.